கறுப்பு இலை அலங்கார மிளகாய் பச்சையாகிறது, நுனி சுருள்கிறது, பூவும் கொட்டுகிறது: வைரஸா?

திருநகர் மாடி
வணக்கம். மாடியில் சமையலுக்கான செடிகளோடு அழகுக்காக மூன்று வகை அலங்கார மிளகாயும் வைத்திருக்கிறேன். தை மாதத்தில் நர்சரியில் வாங்கினேன். ஒன்று இலை, தண்டு, காய் எல்லாமே கறுப்பாக இருப்பது. அட்டையில் 'பிளாக் பேர்ல்' என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் ஒரே செடியில் ஊதா, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புக் காய்கள். மூன்றாவது முழ உயரம்கூட இல்லாத குட்டைச் செடி. காய்கள் மெழுகுவத்திச் சுடர்போல மேல்நோக்கி நிற்கும். மாசி முழுக்க வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் படம் எடுத்தார்கள்.

சித்திரையில் தொடங்கியது தொல்லை. கறுப்புச் செடியில் புதிதாக வரும் இலை வெறும் பச்சையாக வருகிறது. மூன்று செடியிலும் பூக்கள் காம்போடு உதிர்கின்றன. குட்டைச் செடியில் நுனி இலைகள் சிறுத்து, சுருண்டு, விறைப்பாக இருக்கின்றன.

எல்லாம் 8 அங்குலப் பிளாஸ்டிக் தொட்டி. மண்ணில் பாதிக்கு மேல் தென்னை நார்க்கழிவு, மீதி செம்மண்ணும் தொழுவுரமும். வெயிலுக்குப் பயந்து பங்குனியிலேயே 75 சதவீதம் நிழல் தரும் பச்சை வலை கட்டிவிட்டேன். வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல். போர் தண்ணீர்தான். பக்கத்து வீட்டு அண்ணன் வைரஸ் என்று சொல்லிப் பிடுங்கச் சொல்கிறார். மனம் வரவில்லை.

செல்லூர் செடிக்காரி
அண்ணன் சொன்னதுதான் சரி. சுருட்டை வந்த மிளகாய் தேறாது. பிடுங்கிப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்; இல்லாவிட்டால் தக்காளிக்கும் பரவும். பாசம் பார்த்தால் மாடி முழுக்கப் போகும்.

காரியாபட்டி சம்சாரி
அவசரப்படாதீர்கள். மிளகாயில் சுருட்டை என்றால் எல்லாரும் வைரஸ் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். காட்டில் பாதி நேரம் அது வைரஸாக இருப்பதில்லை. தங்கச்சி, இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். ஓரம் மேல்நோக்கி மடிந்து படகு மாதிரி நின்றால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, படகைக் கவிழ்த்தது போல இருந்தால் சிலந்தி; வலை பின்னும் எட்டுக்கால் பூச்சியைச் சொல்லவில்லை, சாறு உறிஞ்சுகிற நுண்ணிய சிலந்தி. இலை மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பு தடித்து மஞ்சளாகி, செடியே குட்டை பிடித்து நின்றால்தான் வெள்ளை ஈ கொண்டுவருகிற இலைச்சுருள் வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். இலைக்காம்பு வழக்கத்தைவிட நீளமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

திருநகர் மாடி
பார்த்தேன் ஐயா. கீழ்நோக்கித்தான் மடிகிறது. காம்பு நீளமாகத்தான் தெரிகிறது, இலை மட்டும் ஒடுங்கியிருக்கிறது. இலையின் அடிப்பக்கம் வெண்கலப் பாத்திரத்தின் நிறத்தில் பளபளக்கிறது. மஞ்சள் இல்லை. பூச்சி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

ஒத்தக்கடை மாணவி
கண்ணில் படாது அக்கா. நீங்கள் சொன்ன அடையாளங்கள் அப்படியே மஞ்சள் முரணைச் சிலந்திக்குப் பொருந்துகின்றன. நான் வேளாண்மை படிக்கிறேன்; மிளகாய் வயல்களில் அடிக்கடி பார்க்கிற பூச்சிதான் இது. வளர்ந்த சிலந்தியே கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற பத்து மடங்கு லென்ஸ் கிடைத்தால் நுனிக் குருத்தின் அடியில் பாருங்கள். எலுமிச்சை நிறத்தில் புள்ளிகள் நகரும். வளர்ந்த இலையில் தேடிப் பயனில்லை. இளந்தளிரில்தான் அது இருக்கும், அதனால்தான் நுனி மட்டும் கெடுகிறது. பூமொட்டையும் உறிஞ்சும், பூ உதிர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வலைக்குக் கீழே காற்றோட்டம் குறைந்து ஈரப்பதம் தங்குவது இதற்கு மிகவும் பிடிக்கும். இன்னொரு செய்தி: இந்தச் சிலந்திக்கு இறக்கை கிடையாது, ஆனால் வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டு அடுத்த செடிக்குப் போய்விடும். ஆகவே வெள்ளை ஈ இருந்தால் மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்று தொங்கவிடுங்கள்.

முதலில் சுருண்ட நுனிகளைக் கிள்ளி மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துங்கள். பிறகு 80 சதவீத நனையும் கந்தகத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, வெயில் இறங்கிய பின் இலையின் அடிப்பக்கமும் குருத்தும் நன்றாக நனையும்படி தெளியுங்கள். முட்டையிலிருந்து வளர்ந்த சிலந்தியாக இந்த வெப்பத்தில் ஐந்தாறு நாள்கூட ஆகாது. அதனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தெளிக்காமல் விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே சுருண்ட இலை திரும்ப விரியாது; புதுத் தளிர் நேராக வந்தால் மருந்து பிடித்துவிட்டது என்று கொள்ளலாம்.

செல்லூர் செடிக்காரி
கந்தகம் எதற்கு? வேப்பெண்ணெய் போதாதா? வீட்டுச் செடிக்கு யாராவது கடைமருந்து வாங்குவார்களா?

திருநகர் மாடி
வேப்பெண்ணெய் போன ஞாயிற்றுக்கிழமைதான் சோப்புக் கரைசலோடு தெளித்தேன். அதன்மேலேயே கந்தகம் அடிக்கலாமா?

காரியாபட்டி சம்சாரி
அடிக்கவே கூடாது. நல்ல வேளை கேட்டீர்கள். எண்ணெய் தெளித்த செடியில் இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் இலை கருகும். நண்பகல் வெயிலில் கந்தகம் தனியாகப் பட்டாலும் கருகும். இரண்டு வாரம் போகட்டும். அதுவரை நுனியைக் கிள்ளிவிட்டு, காலையில் குழாய்த் தண்ணீரை இலையின் அடியில் பீச்சுங்கள். ஓரளவு கழுவிக்கொண்டு போகும். செல்லூர்த் தங்கச்சி, வேப்பெண்ணெய் இலைப்பேனையும் அசுவினியையும் ஆரம்பத்தில் அடக்கும். இந்தச் சிலந்தி குருத்துக்குள் புகுந்துவிட்டால் அதை மட்டும் நம்ப முடியாது. கந்தகம் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை, நம் தாத்தாக்கள் காலத்திலேயே காட்டில் தூவியதுதான்.

நாற்றங்கால்காரர்
அழகர்கோவில் சாலைப் பக்கம் நாற்று விற்கிறேன். பூச்சி விவகாரத்தை ஐயாவும் அந்தப் பெண்ணும் சொல்லிவிட்டார்கள். கறுப்பு இலைக்கு வருகிறேன், ஏனென்றால் வாரத்துக்கு நாலு பேராவது 'நீங்கள் கொடுத்தது கறுப்பில்லை, ஏமாற்றிவிட்டீர்கள்' என்று செடியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அந்தக் கறுப்பு ஆந்தோசயனின் என்கிற நிறமி. கத்தரிக்காயின் ஊதாவும் அதுவே. செடி அதை வெளிச்சத்தில்தான் தாராளமாகச் செய்யும். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் உருவாக்கி, 2006இல் அங்கே பரிசு வாங்கிய ரகம் பிளாக் பேர்ல். அதையே நிழலில் வைத்தால் பச்சை மிளகாய்ச் செடிதான். உங்கள் 75 சதவீத வலை கீரைக்கும் பெரணிக்கும் சரி, மிளகாய்க்கு அது இருட்டறை. நேரடி வெயில் தினம் ஆறு மணி நேரமாவது வேண்டும்.

அதற்காக அக்கினி நட்சத்திரத்தில் வலையை ஒரேயடியாகப் பிடுங்கிவிடாதீர்கள், இலை வெந்துவிடும். கிழக்குப் பார்த்த சுவர் ஓரம் வையுங்கள். காலை வெயில் நண்பகல் வரை படட்டும், அதற்குமேல் சுவர் நிழல் பார்த்துக்கொள்ளும். சுவர் இல்லையென்றால் 35 சதவீத வலை போதும்.

புண்ணாக்குக் கரைசலை நிறுத்துங்கள். அதில் தழைச்சத்துதான் அதிகம். இலை பெருக்கும், பூவைத் தள்ளிப்போடும், நிறத்தையும் மங்கச் செய்யும், சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கும் விருந்து. மாதம் ஒரு பிடி மண்புழு உரமும் கொஞ்சம் மரச்சாம்பலும் போதும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சாம்பலையும் தவிர்த்துவிடுங்கள்.

ஒத்தக்கடை மாணவி
பூ உதிர்வதில் வெப்பத்துக்கும் பங்கு உண்டு. பகலில் 32 டிகிரிக்கு மேலும் இரவில் 24 டிகிரிக்கு மேலும் நிலைத்தால் மிளகாயில் மகரந்தம் கெட்டுப் பூ கொட்டும். மே மாத மதுரை இரவில் 24 டிகிரிக்கு எங்கே போவது? சின்னக் காய் ரகங்கள் பெரிய காய் ரகங்களைவிட இதைத் தாங்கும், இருந்தாலும் சித்திரை வைகாசியில் கொஞ்சம் உதிரத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டு உரத்தைக் கூட்டாதீர்கள்.

வண்டியூர் வாத்தியார்
தொட்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. 8 அங்குலக் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, மொட்டை மாடித் தளம், மே மாதம்: பக்கவாட்டு மண்ணில் கையை வைத்துப் பாருங்கள், சுடும். வேர் அங்கேதான் இருக்கிறது. 10 அல்லது 12 அங்குல மண்தொட்டிக்கு மாற்றுங்கள். மானாமதுரை மண்தொட்டி நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது, கசிந்து குளிரும். சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதும் உண்மை. காலையில் ஒருமுறை, கோடையில் மாலையிலும் ஒருமுறை தண்ணீர் வேண்டும். தொட்டிகளைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் தூக்கி வையுங்கள்.

தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறதா? இருந்தால் உப்பு சேர்ந்திருக்கிறது. அடியில் வடிகிற அளவுக்கு மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடுங்கள். நார்க்கழிவையும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையுங்கள். அது மேலே காய்ந்திருக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். விரலை விட்டுப் பார்க்காமல் ஊற்றினால் வேர் அழுகும்.

வீட்டில் புகையிலை போடுகிறவர் யாராவது செடியைத் தொடுகிறார்களா? புகையிலைத் தேமல் வைரஸ் கை வழியாக மிளகாய்க்கு வரும். உங்கள் செடிக்கு அது இல்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

திருநகர் மாடி
மாமனார் வெற்றிலையோடு புகையிலை போடுவார், காலையில் தண்ணீர் ஊற்றுவதும் அவரே! சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். முறைத்தார்.

இரண்டு சின்னச் சந்தேகம். பக்கத்தில் சமையலுக்கு முண்டு மிளகாய் வைத்திருக்கிறேன். அலங்கார மிளகாயோடு சேர்ந்து அதன் சுவை கெட்டுவிடுமா? மகளுக்கு நாலு வயது, காய்களைப் பறிக்கிறாள். விஷமா?

காரியாபட்டி சம்சாரி
இந்தச் சீசன் காய் மாறாது. காயின் சதையும் காரமும் தாய்ச்செடியின் குணம். உள்ளே இருக்கிற விதைதான் கலப்பாகும். தேனீ வருகிற மாடியில் அந்த முண்டு விதையை எடுத்து அடுத்த ஆண்டு போட்டால் எது முளைக்கும் என்று சொல்ல முடியாது. ராமநாதபுரம் முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அதை இப்படிக் கலப்படம் செய்யலாமா? விதை வேண்டுமென்றால் பூ விரிவதற்கு முந்திய நாள் மொட்டுக்கு மெல்லிய துணிப்பை கட்டி, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அடையாளக் கயிறு கட்டுங்கள். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும்.

ஒத்தக்கடை மாணவி
விஷமில்லை அக்கா, அதுவும் மிளகாய் இனம்தான். ஆனால் இரண்டு எச்சரிக்கை. நர்சரியில் அழகுச் செடிக்கு அடித்த மருந்து சாப்பிடும் பயிருக்கானதாக இருக்காது. வாங்கும்போது இருந்த காய்களைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். அடுத்தது காரம். பெரும்பாலான அலங்கார ரகங்கள் சுள்ளென்று உறைக்கும், ருசி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. குழந்தை இருக்கிற வீட்டுக்கென்றே காரமில்லாத 'சில்லி சில்லி' என்கிற ரகம் இருக்கிறது.

கையில் காரம் ஒட்டினால் முதலில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பிறகு சோப்பு. வெறும் தண்ணீருக்கு அது போகாது. கண்ணில் பட்டால் எண்ணெய் கிட்டேயே போகக் கூடாது, ஓடுகிற தண்ணீர் மட்டும்.

நாற்றங்கால்காரர்
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 'கிறிஸ்துமஸ் செர்ரி' என்று உருண்டைச் சிவப்புக் காயோடு ஒரு தொட்டிச் செடி விற்கிறார்கள். பலர் அதையும் அலங்கார மிளகாய் என்று நினைக்கிறார்கள். அது மிளகாய் இல்லை, காய் நச்சு. நாலு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நான் கொடுக்கவே மாட்டேன்.

திருநகர் மாடி
ஆனி பாதியாகிறது, நிலவரம் சொல்கிறேன். கந்தகம் இரண்டு முறை தெளித்தேன். குட்டைச் செடியில் நேரான தளிர் வந்துவிட்டது, பழைய சுருள் இலைகள் அப்படியே இருக்கின்றன. கறுப்புச் செடி கிழக்குப் பார்த்த சுவருக்குப் போனபின் நுனியிலிருந்து இருண்டு வருகிறது; நடுவில் இருக்கிற பச்சை இலைகள் மாறவில்லை. பல நிறச் செடியில் மட்டும் பூ இன்னும் கொட்டுகிறது. ஊதாக் காய் நாலைந்து பிடித்திருந்தது, கிளி வந்து தின்றுவிட்டது. அதற்கு உறைக்காதா?

வண்டியூர் வாத்தியார்
பறவைக்கு மிளகாய்க் காரம் தெரியாது. விதை பரப்ப அவற்றைத்தான் செடி நம்பியிருக்கிறது. தின்ன விடுங்கள், அல்லது காய் நிறம் மாறும்போது கொசுவலைத் துணி போர்த்துங்கள்.

காரியாபட்டி சம்சாரி
பல நிறச் செடியை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள். ஆடிக் காற்றில் தளிர்த்து, ஆவணியில் பூத்தால் காய் நிற்கும். புது விதை போடுவதென்றாலும் ஆடியில் போடுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும், ஐந்தாறு இலை வந்ததும் தொட்டிக்கு மாற்றலாம். ஐப்பசி அடைமழைக்கு முன்பு தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியை விட்டுப் பார்த்துவிடுங்கள்.