ஏற்காடு ஏறும்போது இடுப்பு விட்டுப்போகிறது, வீட்டிலேயே என்ன பயிற்சி செய்யலாம்?

கேள்வி

சேலம், வயது 38, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை. ஒன்றரை வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். சமதரையில் 60 கிலோமீட்டர் போனாலும் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனால் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறினால் எட்டாவது, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவிலேயே கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது, இருபதாவது வளைவு வருவதற்குள் மூன்று முறை இறங்கி நின்றுவிடுகிறேன். காலில் தெம்பு இருக்கிறது, மூச்சும் வாங்கவில்லை, இடுப்புதான் தாங்கவில்லை. அடுத்த வருடத்துக்குள் ஒரு 200 கிமீ பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) முடிக்க ரொம்ப ஆசை. பதின்மூன்றரை மணி நேரம் கெடு என்றாலும் இந்த முதுகோடு எப்படி என்று தெரியவில்லை. ஜிம் போக வழியில்லை. காலையில் 20 நிமிடமும் ஒரு பாயும்தான் இருக்கிறது. எழுந்ததும் 50 சிட்-அப், அப்புறம் 3 நிமிடம் பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது), இரண்டு மாதமாகச் செய்தும் ஒரு மாற்றமும் இல்லை. வண்டி பழைய ரோடு பைக், முன்னால் சின்ன செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) 39 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 25 பல்.

பதில் 1

ப்ரோ, பயிற்சிக்கு முன்னால் கியரைப் பாருங்கள், உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் பாதிப் பதில் இருக்கிறது. 39-25 வைத்து மணிக்கு 10 கிமீ வேகத்தில் ஏறினால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 50 சுற்றுதான் மிதிக்க முடியும். அதே வேகத்தை 34-32 இருந்தால் 75 சுற்றில் போகலாம். ஒவ்வொரு மிதிக்கும் அழுத்த வேண்டிய பலம் மூன்றில் ஒரு பங்கு குறையும். கனமான கியரை அழுத்தி அழுத்தி ஏறும்போது கை ஹேண்டிலை இழுக்கும், அந்த இழுப்பு முழுவதையும் கீழ்முதுகு தாங்க வேண்டும். கேசட் (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) மாற்றும் முன் உங்கள் வண்டியின் பின் டிரெய்லியர் (கியர் மாற்ற செயினை நகர்த்தும் பாகம்) 32 பல்லைத் தாங்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீட் உயரமும் பார்க்கணும். சுவரைப் பிடித்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீண்டு குதிகால் பெடலைத் தொட வேண்டும். எட்டவில்லை என்றால் சீட் உயரம் அதிகம், ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். அந்த ஆட்டத்தோடு மலை ஏறினால் எவ்வளவு பிளாங்க் செய்தாலும் வலிக்கத்தான் செய்யும்.

பதில் 2

நான் பிசியோதெரபிஸ்ட், வார இறுதியில் ஓட்டுபவளும்கூட. கியர், சீட் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் அண்ணா, எழுந்தவுடன் சிட்-அப் செய்வதை இன்றே நிறுத்துங்கள். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பு டிஸ்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், முதல் ஒரு மணி நேரத்தில் முதுகை வளைத்தால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம். சைக்கிளில் ஏற்கெனவே மணிக்கணக்காக வளைந்துதான் இருக்கிறீர்கள், வேலையிலும் அப்படியே. சைக்கிளில் கால்தான் அசைகிறது, அது அழுத்தும்போது உடம்பு ஆடாமல் நிற்க வேண்டும், கோர் தசைக்கு (வயிறு, இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள்) அங்கே உள்ள வேலை அதுதான். பயிற்சியும் அதையே பழக்க வேண்டும்.

டெட் பக்கில் தொடங்குங்கள். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கித் தூக்கி, கைகளைக் கூரையைப் பார்த்து நீட்டுங்கள். வலது கையைத் தலைப்பக்கமாகவும் இடது காலை முன்பக்கமாகவும் மெல்ல, மூச்சை விட்டுக்கொண்டே இறக்குங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள். இடுப்பு பாயை விட்டு எழும்பினால் அதற்குமேல் காலை இறக்க வேண்டாம். பக்கத்துக்கு 6 முறை ஒழுங்காகச் செய்தாலே வயிறு நடுங்கும். அடுத்து பேர்ட் டாக்: தவழும் நிலையில் எதிரெதிர் கையும் காலும் நீட்டி 10 விநாடி. முதுகில் ஒரு டம்ளர் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், சிந்தக்கூடாது. சைடு பிளாங்க்கை (ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது) முழங்கால் ஊன்றித் தொடங்கலாம். 3 நிமிட பிளாங்க்கும் வேண்டாம், ஒரு நிமிடத்துக்குப் பிறகு பெரும்பாலும் இடுப்பு தொங்கிவிடும், அப்புறம் முதுகுதான் சுமை தாங்கும். பத்துப் பத்து விநாடியாக ஐந்தாறு முறை, பிட்டத்தை இறுக்கிக்கொண்டு செய்யுங்கள். குளூட் பிரிட்ஜை (மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பிட்டத்தை மேலே தூக்குவது) விட்டுவிடாதீர்கள், நாள் முழுக்க உட்காருபவர்களுக்குப் பிட்டத் தசை பலவீனமாக இருந்தால் அதன் வேலையையும் கீழ்முதுகு இழுத்துப் போட்டுக்கொள்ளும். வாரம் நான்கு நாள், மாலையில், 15 நிமிடம் போதும்.

வலி பிட்டத்தைத் தாண்டிக் காலில் இறங்கினாலோ, மரத்துப்போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் ரொம்ப நன்றி. குதிகால் எட்டவே இல்லை! சீட்டை 8 மில்லிமீட்டர் இறக்கினேன். மூன்று வாரமாக மாலையில்தான் பயிற்சி. நேற்று பதின்மூன்றாவது வளைவு வரை வலி இல்லை. கேசட் அடுத்த மாதச் சம்பளத்தில்தான். ஒரு சந்தேகம்: சைடு பிளாங்க் வலது பக்கம் 30 விநாடி நிற்கிறேன், இடது பக்கம் 12 விநாடியிலேயே விழுந்துவிடுகிறேன். இது சரியா?

பதில் 2

நிறையப் பேருக்கு வித்தியாசம் இருக்கும், ஆனால் இவ்வளவு வேண்டாம். இடது பக்கத்தை முதலில் செய்யுங்கள், 10 விநாடியாக மூன்று முறை. வலது பக்கம் இரண்டு முறை போதும். இரண்டும் 25 விநாடியைத் தொட்ட பிறகு முழங்காலை எடுத்துவிட்டுப் பாதம் ஊன்றிச் செய்யலாம்.