நடவுக்குப் போகும் அம்மாவுக்குச் சேற்றுப்புண், கூடவே சுகர். காலை எப்படிப் பார்த்துக்கொள்வது?

வெண்ணாற்றுக்கரை:
நீடாமங்கலம் பக்கம் கிராமம் எங்களுக்கு. சம்பா நடவு நடக்கிறது, அம்மா காலையில் வயலில் இறங்கினால் மதியம் வரை சேற்றில்தான் நிற்கிறாள். கடைசி இரண்டு விரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிகிறது, ராத்திரி முழுக்க அரிப்பு. மருதாணி அரைத்து வைத்தால் இரண்டு நாள் அடங்குகிறது, மறுபடி வந்துவிடுகிறது. நான்கு வருடமாகச் சுகர் மாத்திரை சாப்பிடுகிறாள். போன வாரம் உள்ளங்காலில் நத்தை ஓடு கிழித்திருந்தது, நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரியும், வலிக்கவே இல்லையாம். அதுதான் பயமாக இருக்கிறது. வேலைக்குப் போகாதே என்றால் கேட்கமாட்டாள். என்ன செய்யலாம்?

தாளடி:
தம்பி, இருபது வருடமாக வயலில் நிற்கிறவன் சொல்கிறேன். எல்லாரும் போர் தண்ணீரில் காலைக் கழுவுகிறோம், யாரும் துடைப்பதில்லை, ஈரத்தோடு ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறோம். புண் அங்கேதான் பிடிக்கிறது. பழைய காட்டன் புடவையைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்துச் சாப்பாட்டுத் தூக்கோடு கொடுத்துவிடுங்கள், கரையேறிக் கழுவியதும் ஒவ்வொரு இடுக்கிலும் துணியை நுழைத்து ஒற்றி எடுக்கட்டும். இறங்கும் முன் வேப்பெண்ணெய் தடவுவது எங்கள் வழக்கம்.

செவிலி அக்கா:
துடைக்கச் சொன்னாரே, அதுதான் முதல் வேலை. ஆனால் கழுவித் துடைத்த பிறகு விரல் இடுக்கில் எண்ணெய் வேண்டாம், ஈரம் அங்கேயே நிற்கும். குதிகால் வெடிப்புக்கு வேண்டுமானால் தேங்காய் எண்ணெய் தடவலாம். இடுக்கில் இருப்பது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. க்ளோட்ரிமசோல் க்ரீம் தினம் இரண்டு வேளை போடணும், தோல் சரியானது போலத் தெரிந்தாலும் மேலும் இரண்டு வாரம் விடாமல் போடணும். பாதியில் நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. ஸ்டீராய்டு கலந்த க்ரீமை வாங்கிவிடாதீர்கள், அரிப்பு உடனே நிற்கும், உள்ளே பூஞ்சை பரவும்.

தம்பி, எனக்கு இடுக்குப் புண்ணைவிட அந்த வலிக்காத காயம்தான் கவலை. சுகரால் நரம்பு மரத்துப்போனால் முள் ஏறினாலும் தெரியாது. தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள், டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசி தேவையா என்றும் கேளுங்கள். 10 கிராம் இழை என்று நைலான் நரம்பு போல ஒன்று வைத்திருப்பார்கள், அதை உள்ளங்காலில் வைத்து அழுத்தி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காயம் மூடும்வரை சேற்றில் இறங்கவே கூடாது, எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக ஏறிவிடும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி வந்தால் வயலில் நின்றதைச் சொல்லியே வைத்தியம் பாருங்கள். தினம் சாயங்காலம் வெளிச்சத்தில் நீங்களே பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். வெந்நீர் ஊற்றுவதாக இருந்தால் சூட்டை உங்கள் முழங்கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

குடமுருட்டி:
அக்கா சொன்னதைத் தள்ளிப்போடாதீர்கள். என் அப்பாவும் சுகர்காரர், கால் ஆணியைப் பிளேடால் செதுக்கினார், வலி தெரியாததால் பத்து நாள் கட்டுகூடப் போடாமல் திரிந்தார். கட்டைவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்புதான், மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் போடுவார்.

வெண்ணாற்றுக்கரை:
எல்லாருக்கும் நன்றி. இப்போதுதான் திண்ணையில் உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தேன், இடது காலில் கடைசி மூன்று விரலைத் தொட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்ததும் "எப்ப தொடப்போற?" என்று கேட்டாள். நாளைக்கு நடவு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், முதல் பஸ்ஸில் கூட்டிப் போகிறேன்.