செட்டிப்பூசத்துக்கு ஒரு சின்ன கேமரா: ரிக்கோவா, சோனியா, டஃப்பா?

ஜெலுத்தோங்காரன்:
வணக்கம். 4,000 மலேசிய வெள்ளி ஒதுக்கி வைத்திருக்கிறேன், பைக்குள் அடங்கும் கேமரா ஒன்று வேண்டும், கைமாறியதானாலும் பரவாயில்லை. செட்டிப்பூசத்தன்று, அதாவது பினாங்கில் தைப்பூசத்துக்கு முந்தின நாள், விடியற்காலையில் முருகனின் வெள்ளி ரதம் வரும்போது கைபேசியில் எடுத்த படங்களை நேற்று கணினியில் போட்டுப் பார்த்தேன். முகமெல்லாம் மெழுகு பூசியது மாதிரி இருக்கிறது. அப்பா தேங்காயை ஓங்கி அடிக்கிற படத்தில் அவர் இருக்கிறார், சட்டை இருக்கிறது, கை மட்டும் கரைந்துபோய்விட்டது! பெரிய கேமரா தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நிற்க என்னால் முடியாது. ரிக்கோ ஜிஆர் 3, சோனி ஆர்எக்ஸ்100 ஏழாவது மாடல், ஓஎம் சிஸ்டம் டஃப் டிஜி-7, இந்த மூன்றையும் மனதில் வைத்திருக்கிறேன். பள்ளி விடுமுறைக்குப் பெர்ஹெந்தியான் தீவுக்குக் கடலில் குளிக்கப் போகவேண்டும் என்று வீட்டில் வேறு சொல்கிறார்கள். ஒரே கேமராவில் இரண்டையும் சமாளிக்க முடியுமா?

பட்டர்வொர்த்_ஃபெரி:
முடியாது தம்பி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கை ஏன் கரைந்தது தெரியுமா? இருட்டில் கைபேசி ஒரு படம் எடுப்பதில்லை, பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்குகிறது, அசையாத கோபுரத்துக்கு அது அற்புதமாக வேலை செய்யும், ஓங்கிய கைக்குச் செய்யாது. கை நிற்க வேண்டுமென்றால் ஷட்டர் 1/500 நொடிக்குள் திறந்து மூடவேண்டும், அதற்கு வெளிச்சம் நிறைய வாங்குகிற பெரிய சென்சார் வேண்டும். ஜிஆர் 3-இல் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார், அதாவது பல பெரிய கேமராக்களில் இருக்கிற அதே அளவு. ஆர்எக்ஸ்100-இன் ஒரு அங்குலச் சென்சாரைப்போல் மூன்று மடங்குப் பரப்பு, டிஜி-7-ஐப்போல் பதின்மூன்று மடங்கு. ஐஎஸ்ஓ-வை, அதாவது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவை, 6400 வரை நான் கூச்சப்படாமல் ஏற்றுகிறேன், மணல் மணலாகத்தான் இருக்கும், மெழுகாக இருக்காது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஸ்னாப் ஃபோகஸ். எஃப் 8 (இந்த எண் கூடக் கூட லென்ஸ் துளை சுருங்கும், வெளிச்சம் குறையும்), தூரம் 2 மீட்டர் என்று வைத்துவிட்டால் சுமார் ஒரு மீட்டரிலிருந்து அந்தப் பக்கம் ஏறக்குறைய எல்லாமே தெளிவாக விழும், கேமரா ஃபோகஸ் தேடி முழிக்காது. திரையைக்கூடப் பார்க்காமல் இடுப்பு உயரத்தில் வைத்து அழுத்தலாம். ஆனால் இது பகலுக்குத்தான், விடியற்காலையில் எஃப் 8 வைத்தால் படம் கறுத்துவிடும், எஃப் 2.8 வைத்தால் இந்த வசதி போய்விடும். இதைச் சொல்லாமல் புகழ்பவர்களை நம்பாதீர்கள்.

குறைகள்: ஜூம் இல்லை, 28 மிமீ என்கிற ஒரே அகலக் கோணம் மட்டும்தான். ஃபிளாஷ் இல்லை. பேட்டரி ஒரு சார்ஜில் 200 படம் என்று நிறுவனமே சொல்கிறது, மூன்று பேட்டரி இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பாதீர்கள். நீளும் லென்ஸ், நீர்க்காப்பு கிடையாது, தூசி உள்ளே போய்ச் சென்சாரில் உட்கார்ந்தால் நாமாகத் துடைக்க முடியாது, பிரித்துத்தான் ஆகவேண்டும்.

கிள்ளான்_வாசி:
அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை, ஆனால் 28 மிமீயில் காவடி எடுப்பவர் முகம் வேண்டுமென்றால் அவர் மூச்சு நம்மேல் படுகிற தூரத்தில் நிற்கவேண்டும். எல்லோருக்கும் அந்தத் துணிச்சல் வராது, அப்படிப் போய் நிற்பது மரியாதையா என்பதும் வேறு கேள்வி. பத்துமலையில் படிக்கட்டுக்குக் கீழேயே நின்று மேலே ஏறுபவர்களை எடுக்க எனக்கு ஆர்எக்ஸ்100-இன் 24-200 மிமீ ஜூம்தான் கைகொடுத்தது, மொத்த எடை 302 கிராம். 200-இல் எஃப் 4.5 ஆகிவிடும் என்பதால் பொழுது விடிந்த பிறகுதான் அதன் ராஜ்யம்.

ஒரு எச்சரிக்கை. முன்பு வேறு ஒரு ஜூம் கேமரா வைத்திருந்தேன், கம்பெனி பேர் வேண்டாம். ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கும்போது நீண்டிருந்த லென்ஸ் மேல் இளநீர் தெறித்தது. கைக்குட்டையால் துடைத்துப் பையில் போட்டேன். மறுநாள் ஆன் செய்தால் லென்ஸ் பாதி வந்து கிர்ரென்று நின்றுவிட்டது, சர்க்கரை காய்ந்து பசையாகிவிட்டது. பழுதுபார்க்கக் கேட்ட காசுக்கு இன்னொன்றே வாங்கலாம்.

தஞ்சோங்_அக்கா:
தேங்காய்த் தண்ணீர்க் கதையைக் கேட்டதும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும் 😄 என்னுடையதைக் குழாயடியில் கழுவிவிடுவேன்.

டிஜி-7-இல் லென்ஸ் வெளியே நீளவே நீளாது, எல்லாம் உள்ளேயே நகரும், அதனால்தான் 15 மீட்டர் ஆழம் தாங்குகிறது. 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்கிறார்கள், என் சின்னவன் அதைச் சோதித்தே பார்த்துவிட்டான். ஒரு சென்டிமீட்டர் நெருக்கத்தில் ஃபோகஸ் ஆகும், எறும்பின் காலில் முடி தெரியும். ஆனால் தம்பி கேட்கிற விடியற்காலைக்கு இது வேண்டவே வேண்டாம், ஷட்டர் வேகத்தை நாமாகப் பிடித்து வைக்கக்கூட வழியில்லை, வெளிச்சம் குறைந்தால் கைபேசியே மேல். கடலுக்குப் போகுமுன் பேட்டரிக் கதவின் ரப்பரை வெளிச்சத்தில் பாருங்கள், ஒரே ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் போதும், தண்ணீர் இறங்கிவிடும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

அப்புறம், எதை வாங்கினாலும் அலமாரியில் துணிக்கு நடுவே வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தாலே போதும்.

ஜெலுத்தோங்காரன்:
எல்லோருக்கும் நன்றி. அப்படியென்றால் பெர்ஹெந்தியானுக்குக் கைபேசியை ஒரு நீர்ப்புகாப் பையில் போட்டுக்கொள்கிறேன், எனக்கு அப்பாவின் கைதான் முக்கியம், அவருக்கு 71 ஆகிறது. ஜிஆர் பக்கம்தான் மனம் சாய்கிறது, ஆனால் ஜூம் இல்லாமல் நான் தாக்குப்பிடிப்பேனா என்றுதான் பயம்.

பட்டர்வொர்த்_ஃபெரி:
வாங்குமுன் கைபேசியில் ஜூமைத் தொடாமல் ஒரு வாரம் எடுத்துப் பாருங்கள், அதுவும் ஏறக்குறைய இதே அகலம்தான். இல்லையென்றால் ஞாயிறு காலை ஃபெரியில் வருகிறேன், குயீன் ஸ்திரீட் கோயில் பக்கம் என்னுடையதையே ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு அலையுங்கள். தேங்காய் மட்டும் கொண்டுவராதீர்கள்.