வாகுவிளக்கு: தையல் இயந்திர விளக்குக்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

தையல் இயந்திரத்தின் ஊசிமுனைக்கு ஒளி தருவதும், இடத்தையும் சாய்வையும் பிரகாசத்தையும் வேண்டியபடி மாற்றிக்கொள்ளக்கூடியதுமான சிறு விளக்கைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று சென்ற வாரம் நான் கேட்டதற்கு வந்த பதில்களை நிதானமாகப் படித்தேன். சரிசெய்யத்தக்க பணிவிளக்கு, அனுசரிப்பு விளக்கு, தகவமை விளக்கு, நெகிழ்விளக்கு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. இந்த விளக்கைத் தாங்களே பொருத்திக்கொள்ள விரும்பும் தையற்காரர்களுக்காக நான் எழுதிவரும் கையேட்டின் வரைவில் நான்கையும் மாற்றி மாற்றி இட்டு, காரைக்குடியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தைத்துவரும் அக்கா ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். அவரிடமிருந்து எனக்கு ஐந்தாவது சொல் ஒன்று கிடைத்தது. அதை முன்மொழிவதற்கே இம்மடல்.

முதலில் "சரிசெய்யத்தக்க" என்பதை எடுத்துக்கொள்கிறேன். அகராதியைப் பார்த்து ஆக்கிய சொல் என்ற அளவில் அதில் பிழையில்லை. ஆனால் அக்கா அந்தத் தலைப்பைப் படித்துவிட்டு, "இது பழுதாப் போன லைட்டா தம்பி? ரிப்பேர் பண்ணித்தான் போடணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நம் பேச்சில் கெட்டுப்போனதைத்தான் சரிசெய்கிறோம்; கைக்கடிகாரத்தையும் மிதிவண்டியையும் கணக்கையும் சரிசெய்கிறோம். நல்ல நிலையில் உள்ள விளக்கை நான்கு விரற்கடை இடப்பக்கம் தள்ளிவைப்பதை எவரும் சரிசெய்தல் என்று சொல்வதில்லை. "பணிவிளக்கு" என்பதற்கும் ஓர் இடர் உண்டு. அலுவலகங்களில் "பணிவிளக்கம்" என்ற சொல் வேறு பொருளில் நிலைத்துவிட்டதால், வேற்றுமை உருபு ஏறும்போது கண் தடுமாறுகிறது. அறை முழுவதும் பரவும் ஒளியைச் சூழொளி என்றும், வேலை நடக்கும் இடத்தில் மட்டும் விழும் ஒளியைப் பணியொளி என்றும் பிரித்து வைத்துக்கொள்வதை நான் வரவேற்கிறேன். அவை ஒளியின் வகைகள். நமக்கு வேண்டியது கருவியின் பெயர்.

"அனுசரிப்பு" நம் வீடுகளில் மனிதர்கள் மேல், பெரும்பாலும் பெண்கள் மேல், ஏற்றப்பட்ட சொல். தையல் பழகும் பெண்களும் படிக்கும் கையேட்டில் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. "தகவமை" நல்ல சொல்தான். ஆனால் உயிரியலில் அது தானாக நிகழும் மாற்றத்தைக் குறிக்கிறது. சுற்றுப்புற வெளிச்சத்தை உணர்ந்து தானே பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் விளக்குக்கு அதை ஒதுக்கிவைப்பதே பொருத்தம். "நெகிழ்விளக்கு" என்பது விளக்கின் உடலைத்தான் சொல்கிறது, பயனைச் சொல்லவில்லை; கீல் வைத்த விறைப்பான கையுள்ள விளக்குக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

சொல்லைத் தேடுமுன் இந்த விளக்கு என்ன செய்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அக்கா வாடகைக்கு இருப்பது பழைய வீடொன்றின் இரண்டாம் கட்டில், அதாவது உட்பகுதியில். அங்கே பகல் வெளிச்சம் என்பது வளவின் (நடுமுற்றத்தின்) திறப்பு வழியாக வருவதுதான். காலையில் ஒரு தூணோரமும் பிற்பகலில் எதிர்த் தூணோரமுமாக இயந்திரத்தை இழுத்து இழுத்துப் போடுவார். கால்மிதிச் சட்டத்தின் இரும்புச் சக்கரங்கள் தரைக்கல்லில் இரண்டு மெல்லிய கோடுகளையே பதித்துவிட்டன. மாலை நான்கு மணிக்கு மேல் கூரையில் தொங்கும் குழல்விளக்கே துணை. அது அவருக்குப் பின்னால் இருப்பதால் அவருடைய தலையின் நிழலே ஊசி மேல் விழுகிறது. இயந்திரத்தின் தண்டுப்பகுதி ஊசிக்கு வலப்புறம் இருப்பதால், வலப்பக்கத்திலிருந்து வரும் ஒளியையும் அது மறைத்துவிடுகிறது. ஆகவே விளக்கு இடப்புறத்திலிருந்து, சற்றே முன்னாலிருந்து வர வேண்டும் என்பது இந்த வடிவமைப்பின் முதல் விதி.

ஆனால் அந்த ஓரிடமே எல்லாத் துணிக்கும் போதாது என்பதை நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றேன். கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைத்ததைப் பிரிக்க வேண்டுமென்றால், மேலிருந்து எவ்வளவு ஒளி கொடுத்தாலும் தையல் தெரியாது. விளக்கைத் துணியோடு ஒட்டினாற்போல் தாழ்த்திப் பக்கவாட்டில் பாய்ச்சினால், ஒவ்வொரு தையலும் தன் சிறு நிழலை விழச்செய்து, எறும்பு வரிசைபோல் எழுந்து நிற்கும். அதே தாழ்ந்த ஒளியில் சரிகைக் கரை கண்ணைக் கூசவைக்கும். அப்போது விளக்கை உயர்த்த வேண்டும். ஊசியில் நூல் கோக்கும்போது அவர் பழைய நூற்கண்டின் வெள்ளைத் தாளைக் கிழித்து ஊசிக்குப் பின்னால் பிடித்துக்கொள்வார். ஒளி அந்தத் தாளில் பட்டுத் திரும்பினால்தான் ஊசியின் காது துலங்கும். ஒரு ரவிக்கை தைத்து முடிப்பதற்குள் விளக்கின் நிலை நான்கைந்து தடவை மாறுகிறது.

இதில் தூரத்தின் பங்கும் பெரிது. சிறிய ஒளிமூலத்திலிருந்து விழும் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும்; 40 செ.மீ. தொலைவில் 250 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் ஒளியின் அலகு) தரும் விளக்கை 20 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுவந்தால் ஏறத்தாழ 1,000 லக்ஸ் கிடைக்கும். தையல் வேலைக்கு 750 லக்ஸும், துணியின் நிறத்தை ஒப்புநோக்க 1,000 லக்ஸும் வேண்டும் என்று ஐரோப்பியத் தரநிலையான இ.என். 12464-1 சொல்கிறது. விளக்கைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவருவதாலேயே, கூடுதல் மின்சாரம் இல்லாமல், இந்த அளவை எட்டிவிடலாம். பழைய இயந்திரங்களில் பொருத்தப்பட்ட 15 வாட் இழைவிளக்கை இப்படிக் கிட்டக் கொண்டுவந்தால் கை சுடும், நெற்றி வியர்க்கும். 3 வாட் எல்.இ.டி.யில் அந்தத் தொல்லை இல்லை என்பதால்தான் இந்த வடிவமைப்பே கைகூடியது. எனவே இங்கே மாற்றம் என்பது அழகுக்கான வசதியன்று. அதுவே இந்த விளக்கின் தொழில். சொல்லும் அதைச் சொல்ல வேண்டும்.

அந்தச் சொல்லை அக்காதான் சொன்னார். மாதிரி விளக்கை இயந்திரத்தின் முதுகில் பொருத்திவிட்டு நான் நிமிர்ந்தபோது, கண்டாங்கிச் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே, "கொஞ்சம் வாகா வச்சுக் குடுங்க தம்பி, நெழல் தட்டுது" என்றார். வைத்தேன். "ஆங், இப்ப வாகா இருக்கு" என்றார். வாகாக உட்கார், கைவாகு பார்த்துப் பிடி, ஏணியை வாகாகச் சாத்து என்று நாம் அன்றாடம் சொல்லும் அதே வாகுதான். ஒரு பொருள் அதைப் பயன்படுத்துபவரின் உடலுக்கும் வேலைக்கும் ஒத்த நிலையில் இருப்பதை ஒரே சொல்லில் சொல்ல இதைவிட வேறொன்று நம்மிடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே இக்கருவிக்கு வாகுவிளக்கு என்ற பெயரை முன்மொழிகிறேன்.

நம் விளக்குப் பெயர்களின் வழக்கத்துக்கும் இது ஒத்துவருகிறது. பாவைவிளக்கு உருவத்தால் பெயர் பெற்றது. குத்துவிளக்கும் சரவிளக்கும் தொங்குவிளக்கும் நிற்கும் அல்லது தொங்கும் முறையால் பெயர் பெற்றவை. அந்த வரிசையில், வாகாக நிற்கும் விளக்கு வாகுவிளக்கு. வருமொழி வகரத்தில் தொடங்குவதால் ஒற்று மிகுமா மிகாதா என்ற வழக்கமான வழக்கும் இங்கே எழாது.

இன்னொரு சொல்லையும் நான் நெடுநேரம் எண்ணிப் பார்த்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எண்ணெய் விளக்கின் திரியை மேலே தள்ளிச் சுடரைக் கூட்டுவதைத் தூண்டுதல் என்கிறோம். அதற்கான சிறு கோல் தூண்டுகோல். விளக்கின் ஒளியை மாற்றுவதற்குத் தமிழில் ஏற்கெனவே உள்ள வினை அதுவே என்பதால் தூண்டுவிளக்கு என்று சொல்லலாமா என்று தோன்றியது. ஆனால் தூண்டுதல் பிரகாசத்தைக் கூட்டுவதோடு நின்றுவிடுகிறது. நகர்த்துவதும் சாய்ப்பதும் அதில் அடங்கவில்லை. இருந்தாலும் அந்தச் சொல்லை விட்டுவிட எனக்கு விருப்பமில்லை. பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குமிழைக் கையேட்டில் தூண்டுகுமிழ் என்று எழுதியிருக்கிறேன். கடைகளில் டிம்மர் என்றும், மின்விசிறிப் பழக்கத்தால் ரெகுலேட்டர் என்றும் கேட்கிறார்கள். கையேட்டில் முதல் முறை மட்டும் அந்த வழக்குச் சொற்களையும் உடன் குறித்துவிட்டால் குழப்பம் இராது.

வாகுவுக்கு எதிராக எழக்கூடிய தடைகளில் இரண்டு எனக்குத் தெரிகின்றன. வாகு என்பதற்குத் தோள் என்ற பொருளும் செய்யுள் வழக்கில் உண்டு. அது தற்கால உரைநடையில் வழங்காததால் மயக்கம் தராது. தந்தாலும், தோளும் கையும் உள்ள விளக்குக்கு அது அயலான பொருளும் அன்று. மற்றது, இது பேச்சுச் சொல் என்பது. பேச்சில் உயிரோடிருக்கும் சொல்லைக் கலைச்சொல்லாக்குவதைக் குறையாக எண்ணும் போக்கு நம்மிடையே இருக்கிறது. நான் அதை முழுமனத்தோடு மறுக்கிறேன். தையற்காரர் ஒருமுறை கேட்டவுடன் புரிந்துகொண்டு மறுமுறை தாமே சொல்லக்கூடிய சொல்லே கலைச்சொல்லாக நிற்கும். வாகுவிளக்கு என்று நான் சொன்னதும் அக்கா விளக்கம் கேட்கவில்லை. எனக்கு அதுவே போதிய சான்று.

இனி உறுப்புகள். வளைத்த இடத்திலேயே நிற்கும் குழாய்க்கழுத்தை ஆங்கிலத்தில் கூஸ்நெக் (வாத்துக்கழுத்து) என்கிறார்கள்; அதைப் பறவையின் பெயரால் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. குடத்துக்கும் கூஜாவுக்கும் நாம் கழுத்து என்று சொல்வதால் வளைகழுத்து என்பதே போதும். வட்டக் கம்பிச் சுருளின் மேல் முக்கோண வெட்டுள்ள கம்பியை இறுகச் சுற்றி இதைச் செய்கிறார்கள். இரு கம்பிகளின் உராய்வே அதைத் தாங்குகிறது. என் முதல் மாதிரியில் கழுத்து நீளம் கூடிப்போய், இயந்திரம் ஓடும் அதிர்வில் விளக்கின் தலை மெல்ல மெல்லத் தாழ்ந்து அக்காவின் மணிக்கட்டில் வந்து முட்டியது. கழுத்தைக் குறுக்கிய பிறகே நின்றது. வில்சுருள்களால் எடையைச் சமன்செய்யும் கீல்கை இதனினும் மேலான ஏற்பாடு. கார்களின் அதிர்வுதாங்கும் அமைப்புகளை வடிவமைத்துவந்த ஜார்ஜ் கார்வர்டைன் என்ற ஆங்கிலேயர் 1932-இல் உருவாக்கியது அது. விட்ட இடத்தில் நிற்கும் அந்தக் கைக்கு, கிணற்றேற்றத்தின் துலாவை நினைந்து, துலாக்கை என்ற பெயரைப் பரிந்துரைக்கிறேன். ஏற்றத்திலும் ஒருபக்க எடையை மறுபக்கம் சமன்செய்வதால்தான் நீர் இறைப்பது எளிதாயிற்று.

காந்த அடியைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் கையேட்டில் சேர்கிறது. வார்ப்பிரும்பு உடலுள்ள பழைய இயந்திரங்களில் காந்தம் உறுதியாகப் பற்றும். அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் உடலுள்ளவற்றில் பற்றாது. பற்றும் இயந்திரத்திலும் ஊசிக்குப் பக்கத்தில் வைத்தால் குண்டூசிகள் எல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். மேசை விளிம்பைப் பிடிக்கும் திருகுக்கவ்வியே எல்லார்க்கும் பொது. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம் என்ற இயந்திர உறுப்போடு குழம்பாதிருக்க, விளக்கின் அடியைப் பாதம் என்று எழுத வேண்டாம். அடி என்றே இருக்கட்டும்.

ஒளித்துடிப்பு என்ற சொல்லையும் உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன். மலிவான எல்.இ.டி. விளக்குகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. நிமிடத்துக்கு 3,000 தையல் போடும் ஆலை இயந்திரத்தில் ஊசி நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும். ஓர் ஏற்ற இறக்கத்துக்குச் சரியாக இரண்டு துடிப்புகள் விழுவதால், ஓடும் ஊசி நிற்பதுபோல் கண்ணுக்குத் தோன்றக்கூடும். அருகில் விரல் இருக்கிறது. சிமிட்டல் என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். சிமிட்டல் கண்ணுக்குத் தெரிவது, இது தெரியாமல் நிகழ்வது. அதனால்தான் துடிப்பு என்கிறேன். சீரான நேர்மின்னோட்டத்தில் இயங்கும் விளக்கில் இந்த இடர் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. விளக்கின் தலையைச் சுற்றி, கண்ணுக்கு நேரே ஒளி படாமல் மறைக்கும் தகட்டை அக்கா தொப்பி என்கிறார். எனக்கும் அது பிடித்திருக்கிறது. ஆனால் சில இயந்திரங்களில் அது தலைக்கு மேல் இல்லாமல் பக்கவாட்டில் மட்டும் நிற்கிறது, அதைத் தொப்பி என்பது பொருந்துமா என்று ஐயமாக இருக்கிறது. தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் இருப்பவர்கள் தங்கள் ஊர்த் தையற்கடைகளில் அந்தத் தகட்டைக் கையில் காட்டி, பெயரை நாம் சொல்லாமல், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதினால் உதவியாக இருக்கும்.