அழகப்பர் தொழில் செய்ததும் கொடுத்ததும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

தேவகோட்டை ரஸ்தா:

காரைக்குடிக்குக் கல்லூரி தந்த பஞ்சாலை முதலாளி, வள்ளல் அழகப்பச் செட்டியாரை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கணக்கு எழுதுகிறவன். கோட்டையூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பங்கு பிரிப்பதற்காகப் பழைய பேரேடுகளைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டுப் பெரியவர் சிறு வயதில் செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, மலேயா போய், கடையை நடத்தும் முகவருக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்து திரும்பியவர். ஒவ்வொரு பேரேட்டிலும் சாமி பெயரில் மகமைக் கணக்கு இருந்தது. வரவில் இத்தனை பங்கு தர்மத்துக்கு என்று எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற கணக்கு. நான் அதை வியந்து பேசினேன். அவர் பேரேட்டின் மேல் கையை வைத்து, "இது எல்லாரும் செய்யறதுதான் தம்பி. நாங்க லாபத்துல எடுத்துக் கொடுத்தோம். அழகப்பர் முதலையே எடுத்துக் கொடுத்தாரு" என்றார். பாராட்டினாரா, கவலைப்பட்டாரா, குரலை வைத்துப் பிடிக்க முடியவில்லை. அதற்குள் காப்பி வந்துவிட்டது, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. முதலில், அதாவது மூலதனத்தில், கை வைக்காதே என்பதுதான் நான் தினமும் கடைக்காரர்களுக்குச் சொல்லும் பாடம். அதை மீறியவர் பெயரில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படிக்கிறார்கள். உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்.

முலாம் பட்டறை:

எனக்கு அவர் கொடுத்ததில் பங்கு கிடைத்திருக்கிறது, சொல்கிறேன்.

திருச்சியில் நிக்கல், குரோம் முலாம் பூசும் சின்னப் பட்டறை என்னுடையது. ஒரு பருவத்தில் முலாம் உரிய ஆரம்பித்தது. சரக்கு திரும்பி வந்துகொண்டே இருந்தது. ரசாயனம் விற்கிறவர் வந்து பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் பளபளப்பு மருந்து ஊற்றச் சொன்னார். அவருக்கு விற்பனை, எனக்குச் செலவு. கடைசியில் ஒரு கேனில் தொட்டித் தண்ணீரும், உரிந்த பாகங்கள் நாலும் எடுத்துக்கொண்டு காரைக்குடி சிக்ரிக்கு, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன்.

அங்கே இருந்த விஞ்ஞானி என் தண்ணீரை ஒரு சாய்வான சின்னத் தொட்டியில் ஊற்றி, ஒரு பித்தளைத் தகட்டை வைத்து மின்சாரம் விட்டார். ஹல் செல் என்று முலாம்காரர்களுக்குத் தெரியும். தகடு வெளியே வந்தபோது ஒரு ஓரத்தில் கறுப்புக் கோடுகள், நடுவில் முலாமே பிடிக்காத திட்டு. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி: "குரோம் தொட்டிக்குப் போகிற ரேக்கும் இந்தத் தொட்டிக்கு வருகிற ரேக்கும் ஒன்றுதானா?" ஒன்றுதான். பாகங்களைத் தொங்கவிட்டுத் தொட்டியில் இறக்கும் சட்டம்தான் ரேக். அதன் மேல் பூச்சு வெடித்து, அந்த விரிசலில் குரோம் தங்கி, நிக்கல் தொட்டியில் கலந்துகொண்டிருந்தது. எந்த மருந்தை ஊற்றினாலும் அது சரியாகியிருக்காது.

வெளியே வந்து அந்த வளாகத்தில் நடந்தபோதுதான் யோசித்தேன். இந்த நிலையம் டெல்லிக்கோ பம்பாய்க்கோ போகாமல் ஏன் இந்தப் பொட்டல் வெளிக்கு வந்தது? அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால். 1948 ஜூலை 25-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அழகப்பர் 15 லட்சம் போட்டார், அதன் பின்னால் அரசாங்கம் எத்தனையோ மடங்கு போட்டுக்கொண்டே வருகிறது. சம்பளம், கருவிகள், ஆராய்ச்சி எல்லாம். ரஸ்தா அண்ணே, முதலை எடுத்துக் கொடுத்தார் என்று அந்தப் பெரியவர் சொன்னது சரிதான். ஆனால் கொடுத்த விதத்தைப் பாருங்கள். அடுத்தவர் பணமும் வந்து சேருகிற இடமாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். வியாபாரி மூளை தர்மத்திலும் வேலை செய்திருக்கிறது.

புதுக்காடு வழி:

கொடுத்த கதையையே எல்லாரும் பேசுகிறீர்கள். சம்பாதித்த இடத்தை யாரும் சொல்லவில்லை.

என் அக்காவைத் திருச்சூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறோம். முதல் தடவை போனபோது பஸ் போர்டில் அளகப்ப நகர் என்று மலையாளத்தில் எழுதியிருந்ததை மாமா படித்துக் காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம ஊர்ப் பெயர் இங்கே எப்படி? டீக்கடையில் ஒரு வயதானவரிடம் கேட்டேன். அவருக்குக் காரைக்குடியும் தெரியவில்லை, கல்லூரியும் தெரியவில்லை. "ஆ மில்லின்டெ முதலாளி" என்றார். அவ்வளவுதான். அவருடைய அப்பா அந்தப் பஞ்சாலையில் நூல் பிரிவில் இருந்தவராம். பஞ்சாலை 1930-களில் வந்தது, ஊர் அதைச் சுற்றி வளர்ந்தது, இன்று பஞ்சாயத்துக்கே அந்தப் பெயர்தான்.

கொச்சி சமஸ்தானத்துத் தொழிலாளியின் உழைப்பில் வந்த காசு காரைக்குடியில் கல்லூரியாயிற்று. இதைக் குறையாகச் சொல்லவில்லை. முதலை எடுத்துக் கொடுத்தார் என்றால் அந்த முதல் எங்கே விளைந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். ரஸ்தா கணக்கர் ஆயிற்றே, அவருக்கே தெரியும்.

கிண்டி ஏசி டெக்:

முலாம் பட்டறை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன்.

நான் படித்தது சென்னை கிண்டியில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, ஏசி டெக் என்பார்கள். எங்கள் முதல் வகுப்பில் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் கல்லூரிக்கு யார் பெயர் வைத்திருக்கிறதோ அவர் என்ன படித்தவர்?" ஆளாளுக்குக் கெமிக்கல், மெக்கானிக்கல் என்றோம். "மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எம்.ஏ. அப்புறம் லண்டனில் பாரிஸ்டர். அங்கேயே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். இலக்கியம் படித்தவர் ஏன் ரசாயனத் தொழில்நுட்பத்துக்குக் கொடுத்தார், நாளைக்கு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அவரே சொன்ன விளக்கம்: 1944 போர்க்காலம். மில் வைத்திருப்பவருக்குச் சாயத்துக்கும் இயந்திரத்துக்கும் கப்பலை எதிர்பார்ப்பது எவ்வளவு வலி என்று தெரியும். தன் தொழிலில் எங்கே இடித்ததோ அங்கேயே 5 லட்சம் கொடுத்தார். கெமிக்கல், துணி, தோல் என்று அந்தக் கல்லூரியில் வளர்ந்த துறைகளைப் பாருங்கள், எல்லாமே தமிழ்நாட்டுத் தொழில்கள்.

நான் பின்னால் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலைகளோடு வேலை பார்த்தபோது, மூன்று ஆலைகளில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர்கள் எங்கள் கல்லூரிக்காரர்கள். அந்த ஆலைக்காரர்கள் யாரும் அழகப்பரிடம் நேரடியாக ஒரு ரூபாய் வாங்கியதில்லை.

அறக்கட்டளை ஆலோசகர்:

எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டு எழுதுகிறீர்கள். என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு முக்கியமானதற்கு வருகிறேன். ஒரு ஊரில் ஒரு வியாபாரி பள்ளிக்கூடம் கட்டித் திறப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார். பளிங்குத் தரை, பெரிய பெயர்ப்பலகை. இரண்டாவது வருடம் ஆசிரியர்களுக்குச் சம்பளம் இல்லை. பெயர்ப்பலகைக்குக் கீழே அவர்கள் தர்ணா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அது மனதில் நிற்கிறது.

ஆகவே, கொடுக்க நினைக்கும் தொழில்முனைவோர் கவனிக்க வேண்டியவை. ஒன்று, கம்பெனிப் பணம் வேறு, உங்கள் பணம் வேறு. நடைமுறை மூலதனத்தைத் தொட்டால் வங்கிக்காரர் கேட்பார், சரக்கு கொடுத்தவர் கேட்பார். கொடுப்பதென்றால் உங்கள் பங்கிலிருந்து, உங்கள் சொந்தச் சொத்திலிருந்து கொடுங்கள். அப்புறம், கட்டடம் கட்டுவது எளிது, வருடா வருடம் நடத்துவதுதான் செலவு. கட்டடத்துக்கு ஒரு பங்கு ஒதுக்கினால் நடத்துவதற்கு அதைவிடப் பெரிய வைப்புநிதி ஒதுக்குங்கள். அறக்கட்டளைப் பத்திரத்தில் நோக்கத்தை ரொம்பக் குறுக்கி எழுதிவிடாதீர்கள். "இன்ன ஊரில் இன்ன பாடம்" என்று எழுதிவைத்துவிட்டு, பேரன் காலத்தில் அந்தப் பாடத்துக்கு ஆளே சேராமல் கோர்ட்டுக்கு அலையும் குடும்பங்களை எனக்குத் தெரியும். நிலம் கொடுத்தால் பட்டாவும் வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருக்கட்டும். அறங்காவலர்களில் ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே இருக்கட்டும்.

சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகள் சமூகத்துக்குச் செலவிட வேண்டிய பொறுப்பு, அதைப் பற்றியும் குழப்பம் இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவின்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனிதான் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். சிறு பட்டறைக்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அழகப்பர் காலத்தில் இப்படி எந்தச் சட்டமும் இல்லை. அதனால்தான் அவரை இன்றைய தொழிலதிபர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது ஆபத்து என்கிறேன். அவருடைய விமானக் கம்பெனி ஜூபிடர் ஏர்வேஸ் நிலைக்கவில்லை. ஒரே சமயத்தில் பல தொழில், பல தானம். இதைப் படித்துவிட்டு யாராவது முதலில் கை வைத்தால் என்ன ஆகும்?

கண்டனூர்ப் பெண்:

ஆலோசகர் ஐயா, யாரும் உங்களிடம் பத்திரம் எழுதித் தரக் கேட்கவில்லை. அனுபவம்தான் கேட்டார்கள்.

என் பெரியத்தை எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண். 1947-க்கு முன்னால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கல்லூரிக்கு மதுரையோ திருச்சியோ சென்னையோ போயாக வேண்டும். பையன்களை அனுப்புவார்கள். பெண்ணை யார் அனுப்புவார்? சென்னையில் ஒரு கூட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், வசதி உள்ளவர்கள் கல்லூரி தொடங்க வேண்டும் என்று கேட்டார். அழகப்பர் அங்கேயே எழுந்து சரி என்றார். அதே 1947-ல் காரைக்குடியில் கல்லூரி வந்துவிட்டது. பின்னால் தான் வாழ்ந்த வீட்டையே பெண்கள் படிப்புக்குக் கொடுத்தார்.

அத்தை சொன்னதில் எனக்கு மறக்காதது ஒன்றுதான். சேர்க்கைக்குப் போன அன்று தாத்தா வாசலிலேயே நின்றுவிட்டாராம். "உள்ள போய் நீயே பேசிட்டு வா, இனிமே எல்லாம் நீதானே பேசணும்" என்றாராம். மதுரையில் என்றால் தாத்தா அந்த வாசல் வரைக்கும் வந்திருக்கவே மாட்டார். அன்று சாயங்காலமே வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்பதால்தான் வந்தார்.

வைப்புநிதி சேரட்டும், பத்திரம் சரியாகட்டும் என்று அழகப்பர் பத்து வருடம் காத்திருந்தால், கல்லூரி வர 1957 ஆகியிருக்கும். அவரே அந்த ஏப்ரலில் 48 வயது நிறையாமல் இறந்துவிட்டார். அத்தைக்கு அதற்குள் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள் பிறந்திருக்கும். நீங்கள் பார்த்த பள்ளிக்கூடத்தில் சம்பளம் நின்றது உண்மையான துயரம், மறுக்கவில்லை. ஆனால் இங்கே அவர் கொடுத்தவற்றில் சிக்ரியை மத்திய அரசு ஏற்று நடத்துகிறது, பொறியியல் கல்லூரியை மாநில அரசு நடத்துகிறது, 1985-ல் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. முலாம் பட்டறை அண்ணன் சொன்னது இதைத்தான். நடத்துவதற்கு வலுவான கை யாருடையது என்று பார்த்து ஒப்படைத்திருக்கிறார்.

புதுக்காடு வழி:

தங்கச்சி சொல்வது நியாயம். ஜூபிடர் விஷயத்தில் நானும் ஆலோசகரோடு மாறுபடுகிறேன். போர் முடிந்து டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தபோது நாட்டில் பலர் விமானக் கம்பெனி தொடங்கினார்கள். தாக்குப்பிடித்தவற்றையும் 1953-ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அது அவருடைய தானத்தால் முழுகிய தொழில் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

தேவகோட்டை ரஸ்தா:

எல்லாருக்கும் நன்றி. புதுக்காடு, உழைப்பு எங்கே விளைந்தது என்ற கேள்வியை நான் எழுப்பியிருக்க மாட்டேன், நீங்கள் எழுப்பியது நல்லது. ஆலோசகர் ஐயா, பத்திர விஷயத்தில் நீங்கள் சொன்னதை என்னிடம் கணக்கு எழுதும் கடைக்காரர்களுக்கு அப்படியே சொல்லுவேன், அதில் தப்பில்லை.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. பேரேடுகள் இரண்டு மகன்களிடம் பாதிப் பாதியாக இருக்கின்றன. 1947, 1948 வருடத்துக் கணக்கில் கல்லூரிக்கென்று ஊர்க்காரர்கள் யாராவது மகமையிலிருந்து கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க ஆசை. பெரிய மகனிடம் கேட்டிருக்கிறேன். தை பிறந்ததும் வரச் சொல்லியிருக்கிறார். கண்டனூர்த் தங்கச்சி, உங்கள் தாத்தா வீட்டிலும் பழைய ஏடு இருந்தால் கறையான் தின்ன விடாதீர்கள், எனக்குத் தகவல் சொல்லுங்கள்.