செங்கல் பறந்ததா, பறக்கவிட்டார்களா?

லிந்துலை லயத்தான்: இங்கிலாந்துக்காரர் ஹாரி பிரைஸ் மாதிரி பேயை விஞ்ஞானமாக ஆராய்ந்த மனுசன் கிடையாது, அங்கே பேய் வீடு என்று பேர்போன போர்லி பாதிரியார் பங்களாவில் செங்கல் தானாகப் பறந்ததற்குப் படமே இருக்கிறது என்று பதுளைத் தம்பி நேற்று எழுதியதிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. 1944-இல் பங்களாவை இடிக்கும்போது லைஃப் பத்திரிகைக்காரர் எடுத்த படம் அது. சுவருக்குப் பின்னால் வேலையாள் கல்லை எறிந்துகொண்டிருந்தான்.

பதுளை மைந்தன்: படத்தில் ஆள் இல்லையே அண்ணே. 1936-இலேயே பேய் வீட்டிலிருந்து பிபிசியில் நேரடி ஒலிபரப்பு செய்தவர் அவர். போர்லியை ஒரு வருசம் வாடகைக்கு எடுத்து, பேப்பரில் விளம்பரம் போட்டு 48 பேரைக் காவல் வைத்தார். நீங்கள் என்ன கிழித்தீர்கள்?

லிந்துலை லயத்தான்: ஒலிபரப்பை யார் கேட்டது? செங்கல்லுக்கு வாருங்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு மழைக்காலம் முழுக்க இரவானால் தகரத்தில் கல் விழுந்தது. கோடாங்கி வந்தார், சேவல் அறுத்தார், அப்பாயி எங்கள் காம்பரா (அறை வீடு) வாசலில் வேப்பிலை கட்டியது. கடைசியில் தேயிலைக்குள் குந்தியிருந்தவன் தொங்கல் காம்பராப் பையன், வரிசையின் கடைசி வீட்டுக்காரன், கால்சட்டைப் பை நிறையக் கல். பிடிபடும்வரை அவனையும் யாரும் பார்க்கவில்லைதான்.

கொட்டகலை டீச்சர்: பிரைஸ் கண்டதையெல்லாம் நம்பியவர் இல்லை. ஆவிப் படம் எடுத்த வில்லியம் ஹோப்பை 1922-இல் மாட்டிவிட்டதே அவர்தான்.

லிந்துலை லயத்தான்: அப்போ படத்தில் எப்படி ஏமாற்றலாம் என்று தெரிந்த ஆள்தானே டீச்சர்? தெரிந்தும் 1946 புத்தகத்தில் அந்தச் செங்கல்லை மர்மம் மாதிரி போட்டாரே.

பதுளை மைந்தன்: ஆள் 1948-இல் போய்ச் சேர்ந்தார். 1956-இல் மூன்று பேர் கூடி மோசடிக்காரன் என்று அறிக்கை எழுதினார்கள். செத்தவன் வந்து பதில் சொல்வானா? செங்கல்லைப் பற்றி எங்களுக்கே பாடம் எடுக்காதீர்கள், ஒன்பது வளைவுப் பாலம் எங்கள் பக்கம், இரும்பே இல்லாமல் கட்டியது.

லிந்துலை லயத்தான்: உங்கள் தாத்தாவா கட்டினார்? பாலம் தெமோதரையில், பதுளை டவுனில் இல்லை.

பதுளை மைந்தன்: தெமோதரை எந்த மாவட்டம் என்று டீச்சரிடம் கேளுங்கள்.

கொட்டகலை டீச்சர்: என்னை இழுக்காதீர்கள். போன மாதம் வடைச் சண்டையிலும் இப்படித்தான்.

லிந்துலை லயத்தான்: வடையும் வேண்டாம் பாலமும் வேண்டாம். சுவருக்குப் பின்னால் நின்ற ஆளுக்குப் பதில் சொல்லுங்கள்.

பதுளை மைந்தன்: படத்தில் ஆள் இல்லை.