பார்க்கர் 51 மாதிரி, ஆனால் மலிவாக?

மைப்புள்ளி:
தாத்தாவின் பார்க்கர் 51 மைப்பேனாவை அப்பா கண்ணில் காட்டுவதோடு சரி. நிப்பின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும் அந்த மூடிய கழுத்துதான் எனக்கு வேண்டும். பழைய பேனாவுக்குக் காசு கட்டுப்படியாகாது. அதே சாயலில் வரும் சீனப் பேனாக்களில் ஹீரோ 616 வாங்கலாமா, விங் சங் 601-ஆ?

ஊதாமை:
கண்ணை மூடிக்கொண்டு 601. ஹீரோ நல்ல பேனாதான், ஆனால் சந்தையில் அதற்கே போலி ஏராளம் (நகலுக்கு நகல்!). 1941-இல் வந்த 51 போலவே 601-இலும் பின்மூடியைக் கழற்றி, நிப்பை மையில் முக்கி, பொத்தானைப் பத்துத் தடவை அமுக்கிவிட வேண்டும். முதல் அமுக்கலில் குமிழ்தான் வரும், பயப்படாதீர்கள். பார்க்கரில் உள்ளே ரப்பர் சவ்வு, நாளானால் இற்றுப்போகும். இதில் அதற்குப் பதில் சின்ன பிஸ்டன். நிப் தங்கமில்லை, எஃகு.

பழையபேனா:
பார்க்கரே 2021-இல் புது 51 விட்டதே?

ஊதாமை:
பெயர்தான் 51. மூடியைத் திருக வேண்டும், மைக்குக் கார்ட்ரிட்ஜ் (மை அடைத்த குழல்) அல்லது கன்வர்ட்டர் (நாமே மை நிரப்பும் குழல்). பழையதில் மூடியைச் சொருகினால் போதும், 601-உம் அப்படியே. விலைக்கு அந்தப் புது 51 எனக்கு ஒப்பவில்லை.

மைப்புள்ளி:
சரி, 601-தான். மினுக்கு மை போடலாமா?

ஊதாமை:
ஐயோ வேண்டாம். கழுத்துக்குள் துகள் அடைத்தால் கழுவியே அலுத்துவிடும். சாதா நீல மை போதும்.